தைராய்டு கட்டிக்கு மதிப்பெண் எங்கே?

மே 25 உலகத் தைராய்டு நாள். அதையொட்டிச் சலுகை விலையில் பரிசோதனை முகாம்கள் நடப்பது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ என்ற பெயரில் விற்கப்படும் தொகுப்புகள் சிலவற்றில் ரத்தப் பரிசோதனையோடு கழுத்து ஸ்கேனும் சேர்ந்தே வருகிறது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் போனவர், ‘தைராய்டில் கட்டி’ என்ற அறிக்கையோடு வீடு திரும்புகிறார். கட்டியின் நீள அகலம் அந்தத் தாளில் இருக்கிறது. அது புற்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, அடுத்து என்ன செய்வது என்பது பல நேரங்களில் இருப்பதில்லை.

விடுபட்ட அந்த ஒரு வரிக்கு நோயாளி கொடுக்கும் விலை பெரியது. தேவையில்லாத ஊசிப் பரிசோதனை (கட்டிக்குள் ஊசி செலுத்தி எடுத்த செல்களைச் சோதிப்பது), தேவையில்லாத அறுவை, அதன் பிறகு ஆயுள் முழுக்க மாத்திரை என்று அது நீள்கிறது. உண்மையிலேயே கவனிக்க வேண்டிய கட்டி ‘சின்னதுதானே’ என்று தள்ளிப்போடப்படுவதும் இதே குறையால்தான்.

தேடினால் கிடைக்கும்

தைராய்டு, முன்கழுத்தில் மூச்சுக்குழாயை ஒட்டி அமைந்திருக்கும் சிறிய சுரப்பி. வயது ஏற ஏற அதற்குள் சின்னச் சின்னக் கட்டிகள் உருவாவது மிகச் சாதாரணம். பெண்களுக்கு அது இன்னும் அதிகம். மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தால் நூறு பெண்களில் ஐந்து பேருக்கும், நூறு ஆண்களில் ஒருவருக்கும் கட்டி தென்படும். அதே மக்களை ஸ்கேன் வைத்துத் தேடினால் நூற்றில் 19 முதல் 68 பேருக்குக் கட்டி இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை புற்று அல்ல.

புற்றாக இருப்பவற்றிலும் பலவற்றுக்கு அவசரம் கிடையாது. பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்தவர்களின் தைராய்டை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்த ஆய்வு 1985இல் வெளியானது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதில் நுண்ணிய பாப்பில்லரி வகைப் புற்று இருந்தது. அதனால் அவர்கள் இறக்கவில்லை. தைராய்டு புற்றுகளில் மிகுதியாகக் காணப்படுவது இந்த வகைதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. ‘ரத்தத்தில் தைராய்டு நார்மல், அதனால் கட்டியும் நல்ல கட்டி’ என்று நினைப்பவர்கள் பலர். டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லும். கட்டி புற்றா என்பதை அது சொல்லாது. புற்று இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அளவு சரியாகவே இருக்கும். ஆனாலும் கட்டி தெரிந்தவுடன் இந்தப் பரிசோதனையைச் செய்தாக வேண்டும். டி.எஸ்.எச். குறைந்திருந்தால் அந்தக் கட்டியே அளவுக்கு மீறிச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிச் சுரக்கும் கட்டி புற்றாக இருப்பது அரிது.

தென் கொரியா பட்ட பாடு

தொந்தரவே இல்லாதவர்களின் கழுத்தையெல்லாம் ஸ்கேன் செய்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. ஒரு நாடு அதைச் செய்து பார்த்துவிட்டது.

தென் கொரிய அரசு 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால், மற்றப் பரிசோதனைகளுக்கு வந்தவர்களிடம் 30 முதல் 50 டாலர் வரை கூடுதலாக வாங்கிக்கொண்டு மருத்துவமனைகள் கழுத்து ஸ்கேனையும் எடுத்துத் தந்தன. மக்கள் ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டார்கள். முன்கூட்டியே கண்டுபிடிப்பது நல்லது என்பதைத்தான் எல்லோரும் காலம்காலமாகக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

2011இல் அங்கே தைராய்டு புற்று கண்டறியப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. அந்த ஓராண்டில் மட்டும் 40,000க்கும் மேற்பட்டவர்களிடம் ‘உங்களுக்குப் புற்று’ என்று சொல்லப்பட்டது. இவ்வளவு பேரை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சிகிச்சையும் அளித்ததால் இறப்பு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. தைராய்டு புற்றால் ஆண்டுக்கு 300 முதல் 400 பேர் இறப்பது அப்படியே தொடர்ந்தது. கண்டுபிடிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி, கண்டுபிடிக்காமலே விட்டிருந்தாலும் யாருக்கும் தீங்கு செய்யாத புற்றுகள் என்பதுதான் இதற்குப் பொருள். மருத்துவ உலகில் இதை மிகைக் கண்டறிதல் என்கிறார்கள்.

தீங்கு சிகிச்சையிலிருந்து வந்தது. புற்று என்று தெரிந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் அறுவைக்குப் போனார்கள். மூன்றில் இருவருக்குச் சுரப்பி முழுவதுமே அகற்றப்பட்டது. அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்கு, தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் செயலிழந்தன. விரல் மரமரப்பு, தசைப் பிடிப்பு, நாள்தோறும் கால்சியம் மாத்திரை என்று அவர்கள் வாழ வேண்டியிருந்தது. 2 சதவீதத்தினருக்குக் குரல் நாண் முடங்கியது. வகுப்பறையில் பேசிப் பிழைக்கும் ஆசிரியருக்கும், மேடையில் பாடுபவருக்கும், சந்தையில் கூவி விற்பவருக்கும் குரல் போவது பிழைப்பே போவதாகும்.

2014 மார்ச்சில் அந்த நாட்டு மருத்துவர்கள் சிலரே கூட்டாக வெளியே வந்து, அறிகுறி இல்லாதவர்களுக்குத் தைராய்டு ஸ்கேன் வேண்டாம் என்று பொதுமக்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஊடகங்கள் அதைப் பரவலாகப் பேசின. ஒரே ஆண்டில் தைராய்டு அறுவைகள் சுமார் 35 சதவீதம் குறைந்தன. தங்கள் துறைக்கு வருமானம் தரும் ஒரு பரிசோதனையைத் தாங்களே எழுந்து நின்று வேண்டாம் என்று சொன்ன அந்த மருத்துவர்களின் நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். 2017இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் அறிகுறி இல்லாத பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனை கூடாது என்றே பரிந்துரைத்தது.

இது எங்கோ நடந்த கதை என்று இருந்துவிட வேண்டாம். திருவனந்தபுரம் பகுதிப் புற்றுநோய்ப் பதிவேட்டின் தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அங்கே பெண்களிடம் தைராய்டு புற்று எண்ணிக்கை வேகமாகக் கூடியிருப்பதைக் காட்டியது. இதற்கும் மிகைக் கண்டறிதலே காரணமாக இருக்கலாம் என்ற கேள்வியையும் அது எழுப்பியது. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

கட்டியிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அப்படியானால் ஸ்கேன் வேண்டாத கருவியா? ஒருபோதும் இல்லை. கதிர்வீச்சு கிடையாது, வலி கிடையாது, செலவும் குறைவு. எந்தக் கட்டிக்கு ஊசி வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பிரித்துக்காட்ட இதைவிட நல்ல கருவி இப்போதைக்கு இல்லை. கட்டி இருப்பது தெரிந்த ஒருவருக்கு முறையாக எடுத்து முறையாக எழுதப்பட்ட ஸ்கேன் அறிக்கை, அறுவையிலிருந்தே அவரைக் காப்பாற்றக்கூடும்.

இதற்கென ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. ‘டைராட்ஸ்’ என்பது அதன் பெயர். மார்பக ஸ்கேனுக்கு ஏற்கெனவே இருந்த இத்தகைய முறையைப் பின்பற்றி, 2009இல் சிலி நாட்டு மருத்துவர்கள் தைராய்டுக்கு முதலில் வகுத்தார்கள். 2017இல் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி அதை எளிய கூட்டல் கணக்காக ஆக்கியது. ஐரோப்பாவுக்கும் கொரியாவுக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

அமெரிக்க முறையில் கட்டியைப் பற்றி ஐந்து கேள்விகள். முதல் கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது? வெறும் நீர் என்றால் பூஜ்யம். ஆப்பத்தின் நடுப்பகுதியைப் போலத் துளைதுளையாக இருந்தாலும் பூஜ்யம். முழுக்கத் திடமாக இருந்தால் 2. அடுத்து, சுற்றியுள்ள சுரப்பியோடு ஒப்பிடும்போது எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது? கறுமை கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும்.

மூன்றாவது, வடிவம். குறுக்குவெட்டுப் படத்தில் கட்டி அகலத்தைவிட உயரம் அதிகமாக நிற்கிறதா? நின்றால் 3. நல்ல கட்டிகள் திசுக்களின் போக்கிலேயே பக்கவாட்டில் படுத்து வளரும். திசு அடுக்குகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வளர்வது புற்றின் குணம். நான்காவது, விளிம்பு வழுவழுப்பாக இருக்கிறதா, பிசிறடித்து அருகில் உள்ள பகுதிக்குள் நுழைகிறதா? ஐந்தாவது, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் உண்டா? ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளாக இருக்கலாம். அவற்றுக்கு 3.

எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து படிகளில் ஒன்று கிடைக்கும். 3,422 கட்டிகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், முதல் படியில் இருந்தவற்றில் 0.3 சதவீதமே புற்று. இரண்டாம் படியில் 1.5, மூன்றில் 4.8, நான்கில் 9.1, ஐந்தாம் படியில் 35 சதவீதம்.

இந்த முறையின் உண்மையான பயன் அடுத்த கட்டத்தில்தான் தெரியும். படியையும் அளவையும் சேர்த்துப் பார்த்தே ஊசி வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள். மூன்றாம் படிக் கட்டிக்கு 2.5 செ.மீ. இருந்தால்தான் ஊசி. நான்காம் படிக்கு 1.5 செ.மீ., ஐந்தாம் படிக்கு 1 செ.மீ. முதல் இரண்டு படிகளுக்கு, எவ்வளவு பெரிதாக இருந்தாலும், புற்றுச் சந்தேகத்துக்காக ஊசி தேவையில்லை.

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 3 செ.மீ. கட்டி, துளைதுளையானது. மற்றவருக்கு 1.2 செ.மீ., திடமானது, கறுப்பாகத் தெரிகிறது, உயரம் அதிகம், உள்ளே வெள்ளைப் புள்ளிகள். நம் வீடுகளில் முதல் பெண்ணுக்காகத்தான் எல்லோரும் பதறுவார்கள். கணக்குப்படி அவருடைய மதிப்பெண் பூஜ்யம். இரண்டாமவருக்கு 10, ஐந்தாம் படி. உடனே ஊசிப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர் அவர்தான். நீள அகலத்தை மட்டும் எழுதிய அறிக்கையில் இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

மதிப்பெண்ணையும் மீறிப் பார்க்க வேண்டியவை

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் பார்த்து வேறுவேறு மதிப்பெண் தரலாம். ஃபாலிகுலர் வகைப் புற்று, ஸ்கேனில் நல்ல கட்டியைப் போலவே சாதுவாகத் தெரியக்கூடும். இந்த முறை பெரியவர்களுக்காக உருவானது. குழந்தைகளிடம் கட்டி அரிது, இருந்தால் புற்றாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். அவர்களுக்கு இதே அளவுகோலைப் பொருத்தக் கூடாது.

சிறு வயதில் கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்று இருப்பவர், குரல் கம்மிப்போனவர், கழுத்தில் நெறிகட்டி இருப்பவர், கட்டி சில வாரங்களில் மளமளவென்று வளர்பவர் ஆகியோர் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இவர்களுக்கு மதிப்பெண் குறைவாக இருந்தாலும் மருத்துவர் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்.

ஊசியில் புற்று என்றே வந்தாலும் எல்லாப் புற்றுக்கும் கத்தி அவசியமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனை, அகிரா மியாவுச்சியின் முன்முயற்சியில், 1 செ.மீ.க்கு உட்பட்ட, ஆபத்து குறைந்த பாப்பில்லரி புற்றுகளை அறுவை செய்யாமல் ஸ்கேன் மூலம் கண்காணிக்கும் முறையை 1993இல் தொடங்கியது. 2014இல் அவர்கள் வெளியிட்ட 1,235 பேரின் விவரத்தில், பத்தாண்டுகளில் 8 சதவீதத்தினருக்கே கட்டி முன்பிருந்ததைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்திருந்தது. நிணநீர் முடிச்சுக்குப் பரவியது 3.8 சதவீதத்தினருக்கு. தைராய்டு புற்றால் ஒருவரும் இறக்கவில்லை. வயதானவர்களிடம் வளர்ச்சி இன்னும் மெதுவாக இருந்தது. எழுபது வயது அம்மாவுக்கு 6 மி.மீ. கட்டியைக் கண்டு அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன், குடும்பத்தினர் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஒரு தாள் வீட்டில் செய்யும் வேலை

அரைகுறை அறிக்கை வீட்டுக்குள் நுழைந்தபின் என்ன நடக்கிறது என்பதை நாம் அறிவோம். வரன் பார்க்கும் வயதில் இருக்கும் பெண்ணின் அறிக்கை என்றால் அது பீரோவுக்குள் போகும். அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். ‘இருக்கிறதை எடுத்துவிட்டால் நிம்மதி’ என்று உறவினர்கள் சொல்வார்கள். சுரப்பி முழுவதும் போனபின், தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், கருவுற்றால் அளவை மாற்றுவதற்காக அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்று அந்தப் பெண்ணின் வாழ்க்கையே மாறும். புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனால், ஏற்கெனவே உள்ள நோய் என்ற கட்டத்தில் டிக் விழும்.

மறுபுறம், கண்ணுக்குத் தெரியும் கழலையை ஆண்டுக்கணக்காகச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, விழுங்கச் சிரமப்பட்டபின் மருத்துவமனைக்கு வரும் கிராமத்துப் பெண்களும் இருக்கிறார்கள். ஸ்கேன் முதலில் போய்ச்சேர வேண்டியது இவர்களுக்கு. தேவையில்லாதவருக்கு ஸ்கேன் செய்யச் செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் இவர்களின் வரிசையை நீளமாக்குகிறது. எனக்கு இதுதான் இந்தப் பிரச்சினையின் பெரிய அநீதியாகப் படுகிறது.

என்ன செய்யலாம்?

முதலில், அறிகுறி இல்லாதவர்களுக்கான தொகுப்புகளிலிருந்தும் முகாம்களிலிருந்தும் கழுத்து ஸ்கேனை எடுத்துவிட வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை இதை ஓர் அறிவுறுத்தலாக வெளியிட்டாலே பெரும் மாற்றம் வரும். கையால் தொட்டுப் பார்ப்பதை முகாம்களில் தாராளமாகச் செய்யட்டும். கட்டி தட்டுப்பட்டவர்களை ஸ்கேனுக்கு அனுப்பட்டும்.

அடுத்து, அறிக்கையின் வடிவம். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டின் ஒவ்வொரு ஸ்கேன் மையமும் பதிவு செய்துகொண்டாக வேண்டும். கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்கு விவரமான படிவங்களை நிரப்ப வேண்டும். மையங்களின் பட்டியலும் கண்காணிக்கும் அதிகாரிகளும் ஏற்கெனவே இருக்கும்போது, தைராய்டு ஸ்கேனுக்கும் ஒரு பக்கப் பொதுப் படிவத்தைக் கொண்டுவருவது அரசுக்குக் கடினமான வேலையாக இருக்காது. கட்டியின் மூன்று அளவுகள், ஐந்து கேள்விகளுக்கும் விடை, மொத்த மதிப்பெண், படி, கழுத்து நிணநீர் முடிச்சுகளின் நிலை, பழைய ஸ்கேனோடு ஒப்பீடு, அடுத்த நடவடிக்கை ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். கடைசியில் இரண்டு வரி தமிழில்: ‘இப்போதைக்கு ஊசி தேவையில்லை, ஓராண்டு கழித்து மீண்டும் ஸ்கேன்’ என்பதைப் போல. படிப்பவருக்குப் புரியாத அறிக்கையால் பயம்தான் மிஞ்சும்.

கதிரியக்க மருத்துவர்களின் சங்கங்களும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த மதிப்பெண் முறையில் குறுகிய காலப் பயிற்சியைச் சிற்றூர் மையங்கள் வரை கொண்டுசெல்ல வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாள் தைராய்டு கட்டிக்கென்றே ஒதுக்கி, ஸ்கேனும் ஸ்கேன் பார்த்துக் குத்தும் ஊசிப் பரிசோதனையும் ஒரே இடத்தில் நடக்க ஏற்பாடு செய்யலாம். கூலி வேலைக்குப் போகும் பெண்ணால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலியை இழந்து அலைய முடியாது.

அரசுக் காப்பீடானாலும் தனியார் காப்பீடானாலும், தைராய்டு அறுவைக்கு முன் ஒப்புதல் தரும்போது மதிப்பெண்ணோடு கூடிய ஸ்கேன் அறிக்கையையும் ஊசியின் முடிவையும் கேட்க வேண்டும். இரண்டும் இல்லாமல் அறுவைக்குப் பரிந்துரை வந்தால், அவசரம் இல்லாதவரை, இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறச் சொல்ல வேண்டும். அறுவை கட்டாயம் என்றால், இதையே தொடர்ந்து செய்யும் கைகளிடம் போவது நல்லது. ஆண்டுக்கு 25க்கும் மேற்பட்ட தைராய்டு அறுவைகளைச் செய்யும் மருத்துவர்களிடம் பாதிப்புகள் குறைவாக இருப்பதை அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித் துறை இயங்குகிறது.

நோயாளியின் கையிலும் சில வேலைகள் இருக்கின்றன. ஸ்கேன் படத்தையும் அறிக்கையையும் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை வளர்ச்சியை ஒப்பிட அதைவிட நல்ல சான்று கிடைக்காது. முடிந்தவரை ஒரே மையத்தில் எடுங்கள். அறிக்கையில் மதிப்பெண் இல்லையென்றால், எழுதித் தரும்படி அங்கேயே கேளுங்கள். படம் கைவசம் இருந்தால், வேறொரு கதிரியக்க மருத்துவரிடம் காட்டி மதிப்பெண் பெற முடியுமா என்று விசாரியுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது, ‘இது எத்தனையாவது படி, ஊசி எதற்காக, ஆறு மாதமோ ஓராண்டோ பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகும்?’ என்று தயங்காமல் கேளுங்கள். மூன்றாம் படிக் கட்டி 1.5 செ.மீ.யைத் தாண்டி, ஊசிக்கான 2.5 செ.மீ.யை எட்டாமல் இருந்தால் ஓராண்டிலும், மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளிலும் மறு ஸ்கேன் போதும் என்கிறது அமெரிக்க வழிகாட்டி. அந்தத் தேதிகளை வீட்டு நாள்காட்டியில் குறித்துவைத்துவிட்டு வழக்கமான வேலையைப் பார்க்கலாம்.